யப்பானில் தீமேடை பார்க்க மலை ஏறி வெறும் நிலத்தைப் பார்த்துவிட்டு வந்தேன், நான் எதைத் தவறவிட்டேன்?

உப்புவெளிப்பொடியன்

எல்லாருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக யப்பானில் யமனாஷி மாகாணத்தில் கொஃபு என்ற நகரத்தில் வேலை, இப்போது ஒரு மாத லீவில் திருகோணமலை உப்புவெளிக்கு வந்து நிற்கிறேன். கேள்வி கொஞ்சம் விசித்திரமானது, சிரிக்காமல் வாசியுங்கள்.

நான் இருக்கிற பகுதியை 16 ஆம் நூற்றாண்டில் தக்கேடா ஷிங்கென் என்ற பிரபு ஆண்டிருக்கிறார். எங்கே திரும்பினாலும் அவர் சிலை, அவர் பெயரில் கோயில், அவர் பெயரில் பலகாரம். அவர் காலத்தில் மலைக்கு மலை தீ மூட்டிப் புகை விட்டுச் செய்தி அனுப்பினார்களாம், அதை நொரோஷி என்கிறார்கள், தீ மூட்டின இடம்தான் தீமேடை. வடக்கே கவானகாஜிமா என்ற இடத்தில் எதிரி அசைந்தால் ஏறத்தாழ 150 கிலோமீற்றர் தள்ளி இருக்கிற கொஃபுவுக்கு இரண்டு மணித்தியாலத்தில் தெரிந்துவிடும் என்று வேலையிடத்தில் ஒருவர் சொன்னார். கேட்டதும் எனக்கு ஆசை வந்துவிட்டது.

ஓகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு இவாதோனோ மலைக்குப் போனோம். 634 மீற்றர், டோக்கியோவில் இருக்கிற ஸ்கைட்றீ கோபுரத்தின் அதே உயரம். வியர்த்து ஊற்றி, நுளம்புக்கடி வாங்கி, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஏறினோம். நம்ம பிரட்றிக் கோட்டை வாசல் மாதிரிக் கல்லில் ஒரு கோபுரமாவது நிற்கும் என்றுதான் மனதில் வைத்திருந்தேன். உச்சியில் இருந்தது சமதளமான ஒரு துண்டு நிலம், சுற்றி மரம், ஒரு பெயர்ப்பலகை. பலகையில் தீமேடை இருந்த இடம் என்று எழுதியிருந்தது. கொண்டு போன சோற்றுருண்டையைச் சாப்பிட்டுவிட்டு இறங்கினோம்.

படத்தை நேற்று அம்மாவுக்குக் காட்டினேன். "இதுக்கா இவ்வளவு தூரம் ஏறினாய், நம்ம பின்வளவு மாதிரியல்லோ கிடக்கு" என்றார். எனக்கும் பதில் இல்லை.

நவம்பர் கடைசியில் திரும்பப் போனதும் இன்னொரு தடவை ஏறலாம் என்று இருக்கிறேன். அங்கே எதைத்தான் பார்க்க வேண்டும்? ஏதாவது உருப்படியாக மிஞ்சிய தீமேடை வேறெங்காவது இருக்கிறதா? அந்த இரண்டு மணித்தியாலக் கதை உண்மையா, சும்மா அளப்பா? இன்னொன்று, நொரோஷி என்பதை ஓநாய்ப் புகை என்ற எழுத்தில் எழுதுகிறார்கள், அதற்கு என்ன காரணம் என்றும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கிண்ணியா பஸ்

மச்சான், வெறும் நிலம் பார்க்க யப்பான் வரை போயிருக்கிறாய். நம்ம பக்கம் வந்திருந்தால் ரிக்கெற் காசோடு முடிந்திருக்குமே.

ஓநாய் விசயம் எனக்குத் தெரியும். ஓநாயின் சாணத்தைப் போட்டு எரித்தால் புகை காற்றுக்கு வளையாமல் நேரே மேலே போகும் என்று சீனாவிலிருந்து வந்த நம்பிக்கை, எழுத்தும் அங்கிருந்து வந்ததுதான். யப்பானில் கடைசி ஓநாய் 1905 இல் செத்துப்போனதாகப் பதிவு, ஆகவே நீ பரிசோதித்துப் பார்க்கவும் ஏலாது.

சங்கிலிக்காரன்

தம்பி, நான் நில அளவையில் 31 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். மலை உச்சி என்றால் எனக்குத் தொழில். நீ போன இடத்துக்கு நான் போனதில்லை, ஆனால் நீ எங்கே பிழை விட்டாய் என்று எனக்கு விளங்குகிறது. உச்சிக்குப் போய் நிலத்தைப் பார்த்திருக்கிறாய். அங்கே போனால் அடுத்த மலையைப் பார்க்க வேண்டும்.

நாங்கள் முக்கோண அளவைக்கு ஒரு நிலையம் தெரிவு செய்வதும் அதே கணக்குத்தான். மலை உயரமாக இருந்தால் மட்டும் காணாது. இந்தப் பக்கத்து நிலையமும் அந்தப் பக்கத்து நிலையமும் அங்கிருந்து தெரிய வேண்டும். நடுவில் ஒரு சின்னக் குன்று மறைத்தாலும் அந்த மலை உதவாது, பக்கத்தில் இருக்கிற குட்டை மலை உதவும். தீமேடைக்காரனும் உயரமான மலையை விட்டுவிட்டு, கீழே நீட்டிக்கொண்டிருக்கிற முகட்டைப் பிடித்திருப்பான், ஏனென்றால் பள்ளத்தாக்கின் இரண்டு வளைவும் அங்கிருந்துதான் தெரியும். உச்சியில் நின்று "இவன் யாரைப் பார்த்தான், இவனை யார் பார்த்தார்கள்" என்று இரண்டு திசையைக் கண்டுபிடி. அது பிடிபட்டால் அந்த வெறும் நிலத்துக்கு உயிர் வந்துவிடும்.

நீ ஒன்றும் காணாததற்குக் காரணம் மரம். ஓகஸ்டில் போனால் இலை அடர்ந்து கிடக்கும். அதோடு யப்பான் மலைகளில் இப்போது நிற்கிற சீடர் மரத்தில் பெரும்பகுதி இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வரிசையாக நட்டது. கோட்டைக் காலத்தில் உச்சியை மொட்டையாக வெட்டித்தான் வைத்திருப்பார்கள், இல்லாவிட்டால் காவல் நிற்பதில் என்ன பயன். நவம்பர் கடைசி நல்ல காலம், இலை உதிர்ந்திருக்கும். அப்போதும் தெரியாவிட்டால் அந்த நாட்டு நில அளவை நிறுவனத்தின் வரைபடம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, அதில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கோடு இழுத்தால் நிலத்தின் வெட்டுமுகத்தைக் காட்டும். நடுவில் எதுவும் கோட்டுக்கு மேலே முட்டவில்லை என்றால் தெரியும், அவ்வளவுதான். 10, 20 கிலோமீற்றருக்குள் பூமியின் வளைவு மலைக்காரனுக்கு ஒரு பொருட்டில்லை. 100 மீற்றர் உயரத்தில் நின்றாலே கடல் அடிவானம் 36 கிலோமீற்றருக்குத் தள்ளிப் போய்விடும்.

இரண்டு மணித்தியாலக் கதைக்குப் பாட்டி வைத்தியம் மாதிரி ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 150 கிலோமீற்றருக்கு 10 கிலோமீற்றருக்கு ஒன்றாக 15 மேடை வைத்துக்கொள். 120 நிமிடத்தை 15 ஆல் பிரித்தால் ஆளுக்கு 8 நிமிடம். முந்தின மலையில் புகை கண்டு, இது பனிமூட்டம் இல்லை புகைதான் என்று உறுதி பண்ணி, தன் தீயை மூட்டிப் புகை எழுப்ப 8 நிமிடம். விறகு காய்ந்திருந்து ஆள் விழித்திருந்தால் முடியாத காரியம் இல்லை. ஆனால் 15 பேரில் ஒருவன் ஒதுங்கப் போயிருந்தாலும் கதை முடிந்தது.

நிலத்தில் எதுவுமே பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அங்கத்தைய மலைக் கோட்டைகள் பெரும்பாலும் மண் வேலை, கல் வேலை பிந்தித்தான் வந்தது. முகட்டுக்குக் குறுக்கே கத்தியால் வெட்டின மாதிரி ஒரு பள்ளம் போகும், ஹொரிகிரி என்பார்கள், எதிரி முகட்டு வழியே நடந்து வராமல் தடுக்க வெட்டியது. ஐந்நூறு வருடத்து இலைக்குப்பை விழுந்து பாதி மூடியிருக்கும், ஆனால் இயற்கையில் முகடு அப்படித் திடீரென்று ஒடியாது. உச்சிக்கு வர முதல் நீ ஒரு இடத்தில் இறங்கி ஏறியிருப்பாயே, அதுவாக இருக்கலாம். எரித்த இடத்து மண் அடுப்படி மண் மாதிரிச் சிவந்து போகும், ஆனால் அது கீழே கிடக்கும். கிண்டிப் பார்க்காதே. பாதுகாக்கப்பட்ட இடங்களில் கை வைத்தால் சட்டப் பிரச்சினை.

உச்சியில் தொலைபேசி அன்ரனா நின்றால் கோபிக்காதே. அவனும் அதே பார்வைக் கோட்டைத்தான் தேடி வந்தவன்.

மட்டிக்களி அக்கா

சங்கிலி அண்ணை சொன்னது முழுக்கச் சரி. நான் நாராவில் மூன்று வருடம் படித்தேன், அங்கத்தைய பழைய கதையைச் சேர்க்கிறேன், ஷிங்கெனுக்குத் தொள்ளாயிரம் வருடத்துக்கு முந்தின கதை.

663 இல் கொரியாவில் ஒரு கடற்போரில் யப்பான்காரர் படுதோல்வி. சீனப் படை துரத்திக்கொண்டு வந்துவிடும் என்று நடுங்கிப்போய் அடுத்த வருடமே சுஷிமா, இக்கி தீவுகளிலும் கியூஷுவின் வடக்கிலும் காவல் படையையும் தீமேடைகளையும் வைத்தார்கள். பயத்தில் தொடங்கிய வேலை, ஆனால் பிறகு அதற்கு ஒரு முழுச் சட்டமே எழுதி வைத்திருக்கிறார்கள். வாசித்தால் நம்ம கச்சேரிச் சுற்றறிக்கை தோற்றுப்போகும். மேடைக்கு மேடை 40 ரி இடைவெளி, இன்றைய அளவில் ஏறத்தாழ 21 கிலோமீற்றர். மேடைக்கு நான்கு ஆள், முறை மாற்றிக் காவல். பகலில் புகை, இரவில் தீ. புகைக்கு எதைச் சேர்த்து வைக்க வேண்டும் என்றுகூட இருக்கிறது: மாசிபத்திரி வகைச் செடி, வைக்கோல், பச்சை விறகு. ஓநாய்ச் சாணம் அந்தப் பட்டியலில் இல்லை, கிண்ணியாத் தம்பி மன்னிக்க வேண்டும். எதிரியின் தொகைக்கு ஏற்பத் தீயின் எண்ணிக்கையும் மாறும்.

எனக்குப் பிடித்தது இனித்தான். நீ தீ மூட்டுகிறாய், அடுத்த மேடை பதில் தரவில்லை. என்ன செய்வது? ஓட்டக்காரன் ஒருவனை அனுப்பிச் செய்தியைச் சொல்ல வேண்டும், அதோடு ஏன் கவனிக்கவில்லை என்று விசாரித்தும் வர வேண்டும். மூடுபனியில் புகை தெரியாவிட்டாலும் ஓட்டக்காரன்தான். 21 கிலோமீற்றர் மலைப்பாதையில் ஓடிப்போய் "ஏன்டாப்பா நித்திரை கொண்டாய்" என்று கேட்கிற உத்தியோகம்! யாருக்குக் கிடைத்ததோ.

தலைநகர் 710 இல் நாராவுக்கு வந்ததும் 712 இல் கசுகா என்ற இடத்தில் ஒரு தீமேடை வைத்தார்கள். இன்று நாரா பூங்காவில் தொபுஹினோ என்று ஒரு புல்வெளி இருக்கிறது, அந்தப் பெயரிலேயே பழைய தீமேடையின் பெயர் ஒளிந்திருக்கிறது. அங்கே மான் கூட்டம் மேயும். முதல் நாள் போனபோது ஒரு மான் என் பையைக் கடித்து இழுத்தது, எனக்கு உடனே பிரட்றிக் கோட்டை மான்கள் ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது, பக்கத்தில் நின்ற சிநேகிதிக்கு ஏன் என்று விளங்கவில்லை. 799 இல் கியூஷு பக்கம் தவிர மற்ற மேடைகளை மூடிவிட்டார்கள், ஆபத்துக் குறைந்தது, ஆளுக்குச் சம்பளம் மிச்சம். போர்க்காலத்துப் பிரபுக்கள் மலைக்கு மலை மறுபடி மூட்டியது அதற்கு வெகுகாலம் பிறகு.

உருப்படியாக மிஞ்சியது கேட்டீர்களே. உட்சுனோமியா நகரத்தில் தொபியாமா கோட்டை இருந்த இடத்தைத் தோண்டியபோது ஒரு மண்பாத்திரம் கிடைத்தது, அதில் மையால் "தீமேடை வீடு" என்ற பொருளில் இரண்டு எழுத்து. பழைய காலத்து மேடை ஒன்று அந்தப் பக்கம் இருந்ததற்கு அந்தப் பாத்திரம் சாட்சி. உங்கள் ஊரிலிருந்து தூரம், ஆனால் போனால் வீண் போகாது. கிட்டவே வேண்டுமென்றால் நிராசாக்கியில் ஹக்குசான் கோட்டை. கொஃபுவிலிருந்து ரயிலில் கொஞ்ச நேரம். கோட்டைக்கு இரண்டு பக்கமும் ஆளுக்கொரு முகட்டில் தீமேடை இருக்கிறது, மூன்றையும் நடந்தே பார்க்கலாம், சங்கிலி அண்ணை சொல்கிற பார்வைக் கோட்டைக் காலாலேயே அளக்கலாம்.

இன்னொரு சின்ன விசயம். நம்ம பக்கம் வெளிச்சவீடு என்கிறோம், பழந்தமிழில் அது கலங்கரை விளக்கம். கரைதல் என்றால் அழைத்தல், காகம் கரைகிறது என்கிறோமே அந்தக் கரைதல். கலத்தைக் கூப்பிடுகிற விளக்கு. தீமேடைக்கும் இந்தச் சொல்லை நீட்டலாம் என்று எனக்கு ஒரு ஆசை, மலை மலையைக் கரைகிறது.

தம்பலகாமத்தான்

இதெல்லாம் பழங்கதை என்று நினைத்து வாசிக்கிறீர்கள். நான் இந்த ஆவணியிலும் செய்தேன்.

எங்கள் வட்டையில் அறுவடைக்கு முந்தின மூன்று கிழமை யானைக் காவல். காட்டோரத்தில் ஒரு பரண், பிறகு இருநூறு முந்நூறு யார் தள்ளி இன்னொன்று, எங்களோடு ஐந்து பரண். முதல் பரண்காரன் சத்தம் கேட்டால் தகரத்தைத் தட்டுவான். காற்று எதிர்ப்பக்கம் அடித்தால் கேட்காது, அதனால் பந்தத்தைத் தூக்கி இரண்டு தரம் ஆட்டுவான். அடுத்தவன் கண்டதும் ஆட்ட வேண்டும். போன் இருக்கிறதுதானே என்று கேட்பீர்கள். வயலுக்குள் கோடு ஏறாது, ஏறினாலும் எடுக்கிறவன் குறட்டை.

போன வருடம் மூன்றாவது பரண் பதில் தரவில்லை. என் மச்சினன் வரம்பு வழியே ஓடினான். போய்ப் பார்த்தால் பரண்காரன் படுத்திருக்கிறான், கால்மாட்டில் போத்தல். அதற்குள் ஏழு யானை இறங்கி முக்கால் ஏக்கர் போயிற்று. அக்கா எழுதின அந்தச் சட்டத்தை வாசித்ததும் மச்சினனுக்குக் காட்டினேன், "அவங்களும் என்னை மாதிரி ஒருத்தனை ஓட விட்டிருக்கிறாங்கள்" என்று சொல்லிச் சிரிக்கிறான்.

புகையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒருவரும் சொல்லவில்லை. பச்சை இலையை முதலிலேயே போட்டால் தீ செத்துப்போகும். காய்ந்த பொச்சு, பனைமட்டை போட்டு நல்லாகத் தணல் பிடிக்க விட வேண்டும், சுவாலை அடங்கி அடி சிவந்து வந்த பிறகு நனைத்த வைக்கோலை மேலே போட்டு அமத்த வேண்டும், அதற்குப் பிறகு பச்சை வேப்பங்குழை. அப்போது கட்டிப் புகை எழும்பும், வெள்ளையாக, கைப்பிடிக்கலாம் போல. அந்த எட்டு நிமிடத்தில் இது ஏலாது. தணல் எந்நேரமும் கிடந்தால் ஏலும். ஆகவே அந்த மலைக்காரன் இரவு பகலாகத் தணல் காத்திருக்கிறான் என்பது என் முடிவு, நான்கு ஆள் வைத்ததும் அதற்குத்தான்.

இன்னொன்று, பின்னால் காடு இருந்தால் வெள்ளைப் புகை பளிச்சென்று தெரியும். பின்னால் வெளிறின வானம் இருந்தால் தெரியவே தெரியாது. அப்போது கறுப்புப் புகை வேண்டும். நாங்கள் பழைய ரயர் துண்டு போடுவோம். அவர்களுக்கு ரயர் ஏது, பைன் மரத்துப் பிசின் போட்டிருப்பார்களோ என்னவோ.

சங்கிலிக்காரன்

தம்பலகாமத்தான் சொன்னதை நான் ஏற்றுக்கொள்கிறேன். தணல் விசயம் எனக்குத் தோன்றவே இல்லை.

பொடியன், யப்பானுக்குப் போக முதல் ஒரு காரியம் செய். கோணேசர் கோயில் இருக்கிற சுவாமி மலைக்கு ஏறு, இராவணன் வெட்டுப் பக்கம் நின்று தெற்கே கொட்டியாரக் குடாவின் மறுகரையைப் பார். பவுல் முனை வெளிச்சவீட்டுப் பக்கம் பத்துக் கிலோமீற்றர் அளவில் வரும், ஒரு தீமேடை இடைவெளி. பத்துக் கிலோமீற்றர் என்றால் கண்ணுக்கு எவ்வளவு என்பதைப் பழகிக்கொள். தீ மூட்டிப் பார்க்கிற எண்ணம் மட்டும் வேண்டாம், கடற்படைக்காரர் வந்து விசாரித்தால் நொரோஷி என்று சொல்லித் தப்ப ஏலாது.

சும்மா ஒரு கதை. யப்பான்காரன் இங்கே குண்டு போட வந்தது 1942 ஏப்ரலில். நான்காம் திகதி கொக்கலையிலிருந்து பறந்த கடல்விமானம் ஒன்று அவர்களுடைய கப்பல் கூட்டத்தைக் கண்டு வானொலியில் சொல்லிவிட்டுத்தான் சுடப்பட்டு விழுந்தது. ஐந்தில் கொழும்பு, ஒன்பதில் நம்ம துறைமுகம். என் அப்பாவுக்கு அப்போது ஆறு வயது, எண்ணெய்த் தாங்கி எரிந்த புகையை நாள்கணக்கில் பார்த்ததாகச் சொல்வார். அதுவும் கறுப்புப் புகைதான், எந்த வானத்திலும் தெரிகிற புகை.

உப்புவெளிப்பொடியன்

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

நேற்றுப் பின்னேரம் சுவாமி மலைக்குப் போனேன். வாசலில் வாங்கின வாழைப்பழச் சீப்பில் இரண்டை மான் எடுத்துக்கொண்டது, மட்டிக்களி அக்காவை நினைத்துக்கொண்டேன். மேலே நின்று பார்த்தால் மறுகரையே இல்லை. வெயில் புழுக்கத்தில் குடா முழுக்கப் பால் ஊற்றின மாதிரி வெளிறிக் கிடந்தது, எங்கே கடல் முடிந்து எங்கே கரை தொடங்குகிறது என்று தெரியவில்லை. ராத்திரி நல்ல மழை. இன்று காலை ஆறரைக்குத் திரும்பப் போனேன், அம்மா பைத்தியம் என்றார். கரை கத்தி விளிம்பு மாதிரித் தெரிந்தது, மரக்கூட்டம் வேறு மணல் வேறாகத் தெரிந்தது. சம்பூர்ப் பக்கம் எங்கோ யாரோ குப்பை கொளுத்தியிருக்க வேண்டும், ஒரு நூல் புகை எழும்பி, பனை உயரம் தாண்டினதும் மேற்கே சரிந்துவிட்டது. அந்த நூலை நான் கண்டுபிடிக்கச் சரியாக நான்கு நிமிடம் எடுத்தது, அதுவும் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்து வைத்துக்கொண்டு.

இவாதோனோவில் இறங்கி ஏறின இடம் ஞாபகம் வருகிறது சங்கிலி ஐயா, வேர் பிடித்துத்தான் ஏறினேன். அது ஹொரிகிரியாக இருந்தால் என் கால் கண்டிருக்கிறது, கண் காணவில்லை. நவம்பரில் முதலில் நிராசாக்கிக்குப் போகிறேன்.

மட்டிக்களி அக்கா

இரண்டு எச்சரிக்கை தம்பி. நவம்பர் கடைசியில் அங்கே நாலரைக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும், நம்ம ஊர் ஆறு மணி என்று நினைத்து உச்சியில் இருந்துவிடாதீர்கள், மலை மடிப்புக்குள் இன்னும் முந்தி இருட்டும். இவாதோனோவுக்குப் போவதென்றால் பாறை சரிந்ததால் மூடின வழிகள் உண்டு, நகரசபை அறிவித்தலைப் பார்த்துவிட்டுப் போங்கள். அப்புறம் கரடி. குளிருக்கு முன் தீனி தேடி அலையும். பையில் மணி கட்டிக்கொண்டு நடக்க வேண்டும், சத்தம் கேட்டால் அதுவே விலகிப் போகும். அங்கத்தைய கடைகளில் அதற்கென்று மணி விற்கிறார்கள், விலை கொஞ்சம் கூட.

உப்புவெளிப்பொடியன்

அக்கா, கரடி என்று அம்மாவுக்கு வாசித்துக் காட்டியது என் பிழை. பின்வளவுக்குப் போய் எங்கள் சிவப்பிப் பசுவின் கழுத்து மணியைக் கழற்றிக்கொண்டு வந்து சூட்கேசுக்குள் வைத்துவிட்டார். பசு காலையிலிருந்து கத்திக்கொண்டு நிற்கிறது.